ஏழாம் நாள்

ஆங்கிலத்துக்குள் வந்த கிரேக்கச் சொற்களில் இன்று மிக அதிகமாகத் தேய்ந்துபோயிருப்பது எது என்று யாராவது கேட்டால், க்ரைஸிஸ் என்றுதான் நான் சொல்வேன். வங்கிகளுக்கு க்ரைஸிஸ். வாடகை வீடுகளுக்கு க்ரைஸிஸ். நாற்பதைத் தாண்டிய ஆணுக்கு க்ரைஸிஸ். நாவலுக்கு, சோஷலிஸத்துக்கு, விமர்சனத்துக்கு க்ரைஸிஸ். நான் மொழிபெயர்க்க எடுத்துக்கொள்கிற கட்டுரைகளில் இந்தச் சொல் தலைகாட்டாத கட்டுரை அபூர்வம். தமிழில் அதற்கு 'நெருக்கடி' என்று ஒரு சொல் தயாராக இருக்கிறது. வாசகனுக்கும் தடங்கல் இல்லை. ஆனால் அதை எழுதும் ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்று கை நழுவிப் போகிற உறுத்தல். அது ஆங்கிலத்திலேயே நழுவிப் போய்விட்டது என்பது போகப்போகத்தான் தெரிந்தது.

நழுவியது என்ன என்று பார்ப்பதுதான் இங்கு என் நோக்கம். சொல்லாராய்ச்சியில் எனக்குத் தனியான மோகம் எதுவும் இல்லை. ஒரு சொல்லின் வேரைக் காட்டி, அதன் இன்றைய அர்த்தம் தவறு என்று வாதிப்பது பண்டிதர்களின் விளையாட்டு. சொற்கள் மாறத்தான் செய்யும். ஆனால் சில சொற்கள் மாறும்போது அவை குறித்துவந்த காரியமும் கூடவே மறக்கப்பட்டுவிடுகிறது. க்ரைஸிஸ் விஷயத்தில் மறக்கப்பட்டிருக்கும் காரியம், தீர்ப்புச் சொல்வது.

கிரேக்கத்தில் க்ரிநெய்ன் என்ற வினைக்குப் பிரிப்பது, தேர்வது, தீர்மானிப்பது என்று பொருள். அதன் பெயர்ச்சொல் வடிவம் க்ரிஸிஸ். லத்தீனில் சல்லடையைக் குறிக்கும் சொல்லும் இதே வேரிலிருந்து வந்தது என்கிறார்கள் மொழியியலாளர்கள். ஆக, எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது அன்றாடம் வீட்டில் நடக்கும் ஒரு வேலை: மணி வேறு மண் வேறு என்று சலித்துப் பிரிப்பது. நீதிபதியைக் குறித்த க்ரிடீஸ், தரத்தை அளக்கும் க்ரைட்டீரியன், விமர்சகனைக் குறிக்கும் க்ரிட்டிக் எல்லாம் உடன்பிறப்புகள். ஹிபாக்ரிஸிகூட இந்தக் குடும்பம்தான். மேடையில் நடிப்பவனுக்குக் கிரேக்கர் வைத்த பெயரிலிருந்து வந்தது.

அரிஸ்டாட்டில் தன் 'அரசியல்' நூலின் மூன்றாம் பகுதியில் குடிமகன் என்பவன் யார் என்று கேட்கிறார். க்ரிஸிஸிலும் ஆட்சிப் பொறுப்பிலும் பங்குகொள்பவன் என்பது அவர் தரும் விடை. அந்த இடத்தில் க்ரிஸிஸ் என்றால் நீதிமன்றத்தில் உட்கார்ந்து தீர்ப்பு வழங்குவது. பெண்களும் அடிமைகளும் வேற்றூர்க்காரர்களும் இந்தக் கணக்கில் சேர்த்தி இல்லை என்பதை மறந்துவிட வேண்டியதில்லை. அப்படியிருந்தும் அந்த வரையறை என்னை நிறுத்தி யோசிக்க வைக்கிறது. இன்று க்ரைஸிஸ் என்பது குடிமகன் தலையில் வந்து விழுகிற ஒன்று. அன்று அது அவன் செய்கிற ஒன்றாக இருந்திருக்கிறது.

நீதிமன்றத்திலிருந்து சொல் நோய்ப்படுக்கைக்குப் போனது. ஹிப்போக்ரட்டீஸின் பெயரில் வழங்கும் மருத்துவ நூல்களில் க்ரிஸிஸ் என்பது நோய் தன்னைத் தானே தீர்த்துக்கொள்கிற தருணம். நோயாளி பிழைப்பான், அல்லது போவான், அல்லது அந்த நோய் வேறொரு நோயாக மாறும். 'எபிடெமிக்ஸ்' என்று அழைக்கப்படும் தொகுப்பின் முதலாம், மூன்றாம் பகுதிகளில் 42 நோயாளிகளின் விவரங்கள் இருக்கின்றன. அதில் 25 பேர் செத்துப்போகிறார்கள். பெயர், குடியிருந்த இடம், பிறகு நாள் நாளாக ஜுரம், வியர்வை, சிறுநீரின் நிறம், பிதற்றல். மதிலோரம் குடியிருந்த ஃபிலிஸ்கஸ் என்பவன் ஆறாம் நாள் பாதியில் இறந்தான். அவ்வளவுதான். வைத்தியன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வார்த்தைகூடச் சேர்ப்பதில்லை. உரைநடை பற்றிப் பேசுகிறவர்கள் இந்தப் பக்கங்களைப் படிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

இந்த வைத்தியர்களுக்கு நாட்கணக்கு முக்கியமாக இருந்தது. ஏழாம் நாள், பதினான்காம் நாள் என்று தீர்ப்பு நாட்கள். நான்காம் நாள் ஏழாம் நாளைக் காட்டிக்கொடுக்கும் என்பார்கள். பின்னால் வந்த கேலன், க்ரைஸிஸைப் பற்றி ஒரு நூலும் தீர்ப்பு நாட்களைப் பற்றித் தனியாக ஒரு நூலும் எழுதி, அந்த நாட்களைச் சந்திரனின் ஓட்டத்தோடு முடிச்சுப் போட்டார். சந்திரனை நாம் விட்டுவிடலாம். நாட்கணக்கை அப்படி விட்டுவிட முடியாது, ஏனென்றால் அதற்குப் பின்னால் கண்ணால் கண்ட அனுபவம் இருந்தது.

என் அம்மா அதைப் பார்த்திருக்கிறாள். 1937 இல் அவளுக்குப் பன்னிரண்டு வயது. அவளுடைய தம்பிக்கு நிமோனியா. ஊரில் இருந்த எல்.எம்.பி. டாக்டர் தினமும் வந்து முதுகில் குழலை வைத்துப் பார்த்துவிட்டு, ஏழாம் நாள் தாண்டட்டும் என்று மட்டும் சொல்லிப் போவாராம். மார்பில் ஆளிவிதைப் பத்து. வேறு மருந்து என்று சொல்லும்படி எதுவும் இல்லை. ஏழாம் நாள் இரவு பையனுக்கு நினைவு தப்பியது. பாட்டி சாமி அறையை விட்டு வரவில்லை. பின்னிரவில் வியர்க்கத் தொடங்கி, மாற்றி மாற்றிப் போட்ட இரண்டு வேஷ்டிகளும் பிழியும்படி நனைந்து, விடியும்போது உடம்பு குளிர்ந்திருந்தது. பையன் கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டான். 'கண்டம் கழிஞ்சுது' என்பாள் அம்மா, அந்தக் கதையை முடிக்கும்போதெல்லாம்.

அவள் சொன்னது பாட்டிக் கதை மாதிரி இருந்தாலும் பாடப்புத்தகத்தில் உள்ளதுதான். 1892 இல் வெளிவந்து பல பதிப்புகள் கண்ட வில்லியம் ஆஸ்லரின் மருத்துவ நூல் இதே காட்சியை விவரிக்கிறது: நுரையீரலின் ஒரு மடல் முழுதும் பாதிக்கப்பட்ட நிமோனியாவில் ஒரு வாரம், பத்து நாள் எரிந்த ஜுரம் சில மணி நேரத்தில் வியர்த்து இறங்கிவிடும். இதற்குத்தான் க்ரைஸிஸ் என்று பெயர். மெல்ல மெல்ல இறங்கினால் அது லைஸிஸ். 1938 இல் எம் அண்ட் பி 693 என்ற சல்ஃபா மருந்து வந்தது, அடுத்த சில வருஷங்களில் பென்ஸிலின் வந்தது. ஏழாம் நாள் வரை காத்திருக்கும் அவசியம் போயிற்று. இன்றைய டாக்டர்களில் பெரும்பாலோர் அப்படி ஒரு இரவைப் பார்த்திருக்க மாட்டார்கள். அதற்காக யாரும் வருத்தப்பட வேண்டியதில்லை. ஆனால் சொல் தன் சொந்த வீட்டை இழந்தது.

வீட்டை இழப்பதற்கு வெகுகாலம் முன்பே அது ஊர் சுற்றக் கிளம்பிவிட்டிருந்தது. ஒன்பதாம் நூற்றாண்டு பாக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் கேலனை மொழிபெயர்த்தபோது க்ரிஸிஸுக்கு புஹ்ரான் என்ற சொல் நின்றது. ஸிரியாக் மொழியிலிருந்து வந்த அந்தச் சொல்லின் அடியில் சோதித்துப் பார்ப்பது என்ற பொருள் இருக்கிறது. யுனானி வைத்தியத்தில் அது இன்றும் நோயின் திருப்பத்தைக் குறிக்கும். அதே சொல்தான் பாரசீக, உருதுப் பத்திரிகைகளில் அரசியல் நெருக்கடிக்கும் பொருளாதார நெருக்கடிக்கும். தொடர்பில்லாமல் இரண்டு பாதையில் நடந்த சொற்கள் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. சரிவு ஒரு மொழியின் சோம்பலால் மட்டும் வந்ததில்லை என்று இதிலிருந்து தெரிகிறது.

ஆங்கிலத்தில் சொல் 15ஆம் நூற்றாண்டில் மருத்துவப் பொருளோடுதான் நுழைந்தது. அதை அரசியலுக்குக் கொண்டுவந்தவர்கள் ஆரம்பத்தில் படுக்கையையும் நோயாளியையும் மறக்கவில்லை. 1628 இல் சர் பெஞ்சமின் ரட்யர்ட் பாராளுமன்றத்தில் எழுந்து, இது பாராளுமன்றங்களின் க்ரைஸிஸ், அவை வாழுமா சாகுமா என்பது இப்போது தெரிந்துவிடும் என்ற பொருள்பட முதலாம் சார்லஸின் காலத்தில் பேசினார். 1714 இல் ரிச்சர்ட் ஸ்டீல் 'தி க்ரைஸிஸ்' என்று ஒரு துண்டுப் பிரசுரம் எழுதி, அதற்காகவே சபையிலிருந்து வெளியேற்றப்பட்டார். 1755 இல் ஜான்சன் அகராதி தொகுத்தபோதும் நோய் கொல்கிற அல்லது குணமாகத் திரும்புகிற புள்ளி என்ற பொருளைத்தான் முதலில் வைத்தார்.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தவர் தாமஸ் பெய்ன். 1776 டிசம்பரில், வாஷிங்டனின் படை தோற்றுப் பின்வாங்கிக்கொண்டிருந்தபோது, 'அமெரிக்கன் க்ரைஸிஸ்' என்ற தலைப்பில் பிரசுரங்கள் வெளியிடத் தொடங்கினார். பதின்மூன்று இலக்கமிட்ட பிரசுரங்கள். 1783 ஏப்ரலில் கடைசிப் பிரசுரம். அதில் அவர் செய்த காரியம் சாதாரணமானது போலத் தெரியும்: சோதனைக் காலம் முடிந்துவிட்டது என்று அறிவித்தார். க்ரைஸிஸ் என்று தலைப்பிட்டுத் தொடங்கிய ஒன்றை, அது முடிந்தது என்று சொல்லி முடித்த எழுத்தாளன். அப்படி இன்று ஒருவரையும் என்னால் காட்ட முடியவில்லை.

திசைமாற்றம் எங்கே நேர்ந்தது என்று ஒரே ஒரு இடத்தைச் சுட்டிக்காட்டுவது கஷ்டம். 1762 இல் ரூஸோ தன் 'எமீல்' நூலில், ஐரோப்பா ஒரு க்ரைஸிஸ் நிலையை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது என்றார். 'நிலை' என்ற ஒட்டு இங்கு கவனிக்கத் தக்கது. புள்ளியாக இருந்தது பரப்பாகிறது. அடுத்த நூற்றாண்டில் மார்க்ஸ், முதலாளித்துவத்தின் க்ரைஸிஸ்கள் திரும்பத் திரும்ப வருபவை என்று காட்டினார். திரும்பி வருவதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. இன்னும் நாட்கணக்கின் வாசனை போய்விடவில்லை. 1919 இல் லண்டன் 'அதீனியம்' பத்திரிகையில் பால் வலேரி எழுதிய கடிதங்களில்தான் வேறொரு குரல் கேட்கிறது. ராணுவ க்ரைஸிஸ் ஒருவேளை முடிந்திருக்கலாம், பொருளாதார க்ரைஸிஸ் கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் அறிவின் க்ரைஸிஸ் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பிடிபடவில்லை என்கிறார் அவர். நாடியைப் பிடித்த வைத்தியன் முதல் தடவையாகக் கையை விடுகிறான்.

1935 இல் ஹுஸ்ஸர்ல் வியன்னாவில் நிகழ்த்திய சொற்பொழிவு வைத்தியத்தைப் பற்றிய பேச்சோடு தொடங்குகிறது: தனிமனித உடம்புக்கு விஞ்ஞான வைத்தியம் இருப்பது போல நோயுற்ற தேசங்களுக்கு ஏன் இல்லை? யூதராகப் பிறந்த அவருக்கு ஜெர்மனியில் வெளியிட வழி இல்லாமல், 'ஐரோப்பிய விஞ்ஞானங்களின் க்ரைஸிஸ்' நூலின் முதல் பகுதிகள் 1936 இல் பெல்கிரேடில் வந்த ஒரு சஞ்சிகையில் அச்சாயின. அவருக்கு அது வெறும் தத்துவச் சொல்லாக இருந்திருக்க முடியாது.

விமர்சனத்துக்கும் க்ரைஸிஸுக்கும் உள்ள ரத்த உறவை நமக்கு நினைவுபடுத்தியவர் ஜெர்மன் சரித்திர அறிஞர் ராய்ன்ஹார்ட் கோஸெல்லெக். 1959 இல் வந்த அவருடைய நூலின் தலைப்பே அதுதான்: விமர்சனமும் க்ரைஸிஸும். 18ஆம் நூற்றாண்டு அறிவாளிகள் தங்களை அரசியலுக்கு அப்பாற்பட்டவர்களாக வைத்துக்கொண்டு அரசின் மீது நீதிபதிகளாக அமர்ந்தார்கள். அந்தத் தீர்ப்பு ஒரு அரசியல் மோதலில் போய் முடியும் என்பதைத் தங்களிடமிருந்தே மறைத்துக்கொண்டார்கள் என்பது அவர் வாதத்தின் ஒரு சாரம். அவருடைய முடிவுகளோடு எனக்கு முழுச் சம்மதம் இல்லை. அரசனை விமர்சித்தவர்களைவிட அரசனைப் பற்றி அவர் சற்று அதிகமாகக் கவலைப்படுவதாகத் தோன்றுகிறது. ஆனால் இரண்டு சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது பெரிய காரியம். பின்னால் பால் டி மான் 1971 இல் வெளிவந்த தொகுப்பில், அசலான விமர்சனம் க்ரைஸிஸாகவே நிகழ முடியும் என்கிற மாதிரி ஒரு வாதத்தை வைத்தார். மல்லார்மே கவிதையின் க்ரைஸிஸ் பற்றி எழுதியதிலிருந்து தொடங்குகிற வாதம் அது. படிக்கச் சுகமாக இருக்கிறது. ஆனால் அவருடைய விமர்சகன் தன் ஆரம்பங்களைத் தானே திரும்பத் திரும்ப விசாரித்துக்கொண்டிருக்கிறான். சல்லடையைக் கையில் எடுப்பதில்லை.

க்ரிட்டிகல் என்ற உரிச்சொல்லுக்கு விஞ்ஞானத்தில் நல்ல வாழ்க்கை கிடைத்தது. 1869 இல் தாமஸ் ஆண்ட்ரூஸ், கரியமில வாயுவைக் கிட்டத்தட்ட 31 டிகிரி செல்ஸியஸுக்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் திரவமாக்க முடியாது என்று காட்டி அதை க்ரிட்டிகல் வெப்பநிலை என்றார். அந்த எண்ணில் ஒரு தீர்ப்பு இருக்கிறது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பிரிக்கிறது. ஆஸ்பத்திரியில் அதே சொல்லுக்கு நேர்ந்திருப்பது வேறு.

2018 இல் என் அண்ணன் ஒரு ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பத்தொன்பது நாள் கிடந்தார். தினமும் மாலை ஐந்து மணிக்கு ஒரு இளம் டாக்டர் வெளியே வந்து நிலைமையைச் சொல்வார். முதல் நாள் 'க்ரிட்டிகல்' என்று கேட்டதும் அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பத்தாம் நாள் வாக்கில், 'நேத்து மாதிரியேதானே டாக்டர்?' என்று கேட்கும் அளவுக்கு வந்துவிட்டாள். 'ஆமாம்மா. க்ரிட்டிகல், ஆனா ஸ்டேபிள்.' மூச்சை இயந்திரம் பார்த்துக்கொண்டது. ரத்த அழுத்தத்தை மருந்து தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த டாக்டரை நான் குறை சொல்லவில்லை, இருந்ததைத்தான் சொன்னார். ஆனால் கிரேக்க வைத்தியன் ஒருவனிடம் 'க்ரிட்டிகல், ஆனால் ஸ்டேபிள்' என்று சொன்னால் அவனுக்கு விளங்கியிருக்காது. பதினேழாம் நாள் பெரிய டாக்டர் எங்களை உள்ளே கூப்பிட்டார். இதற்கு மேல் தொடர்வதா என்பதை நீங்கள்தான் யோசித்துச் சொல்ல வேண்டும் என்றார். அண்ணி, அவள் மகன், நான். தாழ்வாரத்தில் சுவரோரம் நின்றோம். அங்கே, அந்த நாற்பது நிமிஷத்தில், சொல் தன் பழைய பொருளுக்குத் திரும்பி வந்தது. நோய் தீர்ப்புச் சொல்ல மறுத்துவிட்டது. இயந்திரம் சொல்லாது. நாங்கள் சொன்னோம்.

தமிழ்ச் சொல்லுக்கு வருகிறேன். 'நெருக்கடி'யில் இருப்பது இடப் பற்றாக்குறை. நாலு பக்கமும் அழுத்துகிறது, மூச்சு முட்டுகிறது. அதில் உணர்ச்சி இருக்கிறது, நேரம் இல்லை, தீர்ப்பும் இல்லை. 'கண்டம்' நேரம் உள்ள சொல். வரும், கழியும், அல்லது கொண்டுபோகும். ஆனால் கேலனின் சந்திரனைப் போல அது கிரகங்களின் கையில் இருக்கிறது, மனிதனுக்கு அதில் வேலை இல்லை, பரிகாரம் செய்வதைத் தவிர. இதற்கிடையே எமர்ஜென்ஸி என்ற சொல்லும் தமிழில் 'நெருக்கடி நிலை'தான். இந்தக் கலப்பு அற்ப விஷயம் அல்ல. எமர்ஜென்ஸி ஆள்பவன் அறிவிப்பது. தீர்ப்புச் சொல்லும் உரிமையை அது மற்றவர்களிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. 1975 ஜூன் 25 இரவு அறிவிக்கப்பட்டது அது. அரிஸ்டாட்டில் சொன்ன பொருளில் க்ரிஸிஸ் நிகழ்ந்தது 1977 மார்ச்சில், வாக்குச் சாவடியில். தமிழ்நாட்டின் தீர்ப்பு வடக்கின் தீர்ப்புக்கு எதிராக இருந்தது, இங்கு காங்கிரஸ் கூட்டணிதான் பெருவாரியான இடங்களைப் பெற்றது. சரியோ தப்போ, அதுவும் ஒரு தீர்ப்பு. அறிவிப்பையும் தீர்ப்பையும் ஒரே சொல்லால் குறிக்கிற மொழியில் இந்த வித்தியாசத்தை ஒவ்வொரு முறையும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1979 ஜனவரியில் பிரிட்டிஷ் பிரதமர் காலஹான், என்ன க்ரைஸிஸ் என்று அலட்சியமாகக் கேட்டதாக ஒரு லண்டன் பத்திரிகை தலைப்புப் போட்டது. அவர் அந்தச் சொற்களைச் சொல்லவில்லை, தலைப்பு எழுதியவர் சொன்னது அது. ஆனாலும் அது அவரோடு ஒட்டிக்கொண்டது. க்ரைஸிஸ் இல்லை என்று சொல்வது அரசியல்வாதிக்குத் தற்கொலை என்ற பாடம் எல்லோருக்கும் கிடைத்தது. 2022 இல் காலின்ஸ் அகராதி அந்த வருஷத்தின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது 'பெர்மாக்ரைஸிஸ்'. நிரந்தர க்ரைஸிஸ். ஓயாத ஏழாம் நாள். சொல்லின் இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று மறுக்கின்றன என்பது யாருக்கும் உறுத்தவில்லை. க்ரிட்டிகல், ஆனால் ஸ்டேபிள். நிரந்தரமான க்ரைஸிஸில் யாரும் எதையும் தீர்மானிக்க வேண்டியதில்லை. வாடகையை ஏற்றியவன் யார், மருந்தின் விலையை வைத்தவன் யார், ஆற்றில் சாயத்தை விட்டவன் யார் என்று சலித்துப் பார்க்க வேண்டியதில்லை. எல்லாம் க்ரைஸிஸ் என்று சொல்லிக் காற்றின் மேல் பழியைப் போட்டுவிடலாம்.

நம் பத்திரிகைகளிலும் தமிழ் விமர்சனத்தின் நெருக்கடி பற்றிக் கட்டுரைகள் வந்துகொண்டே இருக்கின்றன. விமர்சனம் என்ற வடசொல்லின் வேரில் இருப்பது தொடுவது, தடவிப் பார்ப்பது. அழகான விஷயம்தான். ஆனால் தடவிப் பார்த்தபின் ஒரு கட்டத்தில், இந்தக் கவிதை நிற்கும், இது நிற்காது, காரணம் இது என்று ஒருவர் பெயர் போட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. சொன்னவர்களுக்கு நண்பர்கள் குறைந்தார்கள் என்பதும் நமக்குத் தெரிந்த சரித்திரம். நெருக்கடியைப் பற்றி எழுதுவதில் அப்படி நஷ்டம் ஒன்றும் இல்லை.

இப்போது மொழிபெயர்க்கும்போது க்ரைஸிஸ் வந்தால் இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்கிறேன். தீர்ப்பு என்றைக்கு? சொல்ல வேண்டியது யார்? இரண்டுக்கும் மூலத்தில் விடை இருந்தால் 'தீர்வுக் கட்டம்' என்று எழுதுகிறேன். கொஞ்சம் முரட்டுச் சொல்தான், பழகிவிடும். விடை இல்லாவிட்டால், நடந்துகொண்டிருப்பது எதுவோ அதன் பெயரை எழுதுகிறேன்: வாடகை ஏற்றம், வேலையின்மை, தண்ணீர்ப் பஞ்சம், வங்கி திவால். சென்ற மாதம் ஒரு கட்டுரையில் இந்தச் சொல் பதினோரு இடத்தில் வந்தது. ஒரே ஒரு இடத்தில்தான் தீர்வுக் கட்டம் என்று எழுத முடிந்தது.